இழுத்துப் பார்த்த கதவு

காரில் கீறல் இல்லை. கண்ணாடியில் விரிசல் இல்லை. கதவு ரப்பருக்குள் கம்பி நுழைந்த தடம் இல்லை. பூட்டிய காரின் பின்சீட்டில் இருந்த வயலினும் இல்லை.

"பேய்க்குப் பாட்டுப் பைத்தியம் பிடிச்சிருக்கும் அத்தை," என்றான் ரேடியோ.

அத்தை கதவோரம் முட்டி போட்டு, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, ரப்பர் பட்டையை நகத்தால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் காப்பீட்டுக் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று பிரித்துச் சொன்னவள். இப்போது அதே கண்ணை வைத்துக்கொண்டு துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அலுவலகம் என்றால் தையல் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, அப்புறம் ரேடியோ. அவன் அவளுடைய அண்ணன் மகன்; ஓயாமல் பேசுவதால் ஊர் வைத்த பெயர் அது. வாயை மூடத் தெரியாததால் போன இடத்திலெல்லாம் வேலை போனவன். "காதுக்குப் பஞ்சு வாங்கி வெச்சுக்கிறேன், நீ வா" என்று அத்தைதான் சேர்த்துக்கொண்டாள்.

எதிரே காரின் டிரைவர் நின்றிருந்தார். நரைத்த தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, பின்னால் கட்டிய கைகள். வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த பிள்ளையைப் போல இருந்தார்.

அவர் வண்டி ஓட்டுவது ஒரு வயலின் கலைஞருக்கு. அந்த அம்மாளுக்கு மணிக்கட்டில் வலி. சிகிச்சைக்காக இந்த மருத்துவர் கட்டடத்துக்கு வந்திருந்தார். மாடி மாடியாக மருத்துவர்கள், கீழே கார் நிறுத்தும் இடம். வயலினைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, டிரைவர் அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே மாடிக்குப் போனார். இருவரும் இறங்கி வந்தபோது வயலினைக் காணோம். சிறுமியாக இருந்தபோதிலிருந்து அந்த அம்மாள் வாசித்த வயலின் அது.

அன்று சாயங்காலம் அவர் டிரைவரைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வீட்டுச் சாவியை மட்டும் மேசைமேல வெச்சுட்டுப் போங்க" என்றார். பிறகு அத்தைக்கு ஃபோன் செய்தார்.

"நாளன்னிக்குக் காலையில போலீஸுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரியணும். சாவி இல்லாம, எதையும் உடைக்காம, அந்தக் காரை வேற ஒருத்தர் திறக்க முடியுமா? டிரைவர் காரை அந்தக் கட்டடத்துக்கே கொண்டுவருவார். முடியும்னு நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள நீங்க சொன்னா, நான் போகலை."

சாவி இருந்தது டிரைவரிடம் மட்டும். ஆகவே அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அத்தை எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். "ஐயா, அன்னிக்கு எப்படிப் பூட்டுனீங்க?"

டிரைவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். சாவி என்றால் பல் வைத்த இரும்பு இல்லை. கூழாங்கல் போல வழவழப்பான கறுப்பு வில்லை. "இது பையில இருந்தா போதும் மேடம். கைப்பிடியில இருக்கிற இந்தச் சின்ன பட்டனை அழுத்தினா பூட்டிக்கும்."

அவர் அழுத்தினார். 'டக்' என்று மெல்லிய ஓசை. அவ்வளவுதான்.

"என்னண்ணே, உங்க கார் ஊமையா?" என்றான் ரேடியோ. "ஊர்ல இருக்கிற காரெல்லாம் பூட்டினா கீக்கீன்னு கத்துமே?"

"கத்திட்டுதான் இருந்துச்சு. அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகலை. சுருதியில சேராத கீச்சுன்னு காதைப் பொத்திக்குவாங்க. ஒர்க்‌ஷாப்ல சொல்லி நிறுத்திட்டாங்க."

"நல்லவேளை, என்னை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பல," என்றான் ரேடியோ, அத்தையைப் பார்த்து.

"யோசிச்சிட்டிருக்கேன்," என்றாள் அத்தை.

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டான். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து வந்ததை எடுத்துவிட நேரம் வந்துவிட்டது. "அத்தை, நான் சொல்றதைக் கேளு. திருடன் பக்கத்து வண்டியில ஒரு கருவியோட உக்காந்திருப்பான். நாம நடந்துக்கிட்டே ரிமோட்டை அழுத்துவோம். அந்தக் கருவி அதை வழியிலயே மறிச்சிடும். காருக்குச் சேதியே போய்ச் சேராது. நாம பூட்டிட்டதா நினைச்சு ஜம்முனு போயிடுவோம். அவன் மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி கதவைத் திறந்துக்குவான்."

"இவர் ரிமோட்டை அழுத்தலையே. பட்டனை அழுத்தியிருக்கார்."

"அதோட விடமாட்டேன் தம்பி," என்றார் டிரைவர். "கொஞ்ச தூரம் போயிட்டு, திரும்ப வந்து, கதவை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அன்னிக்கும் பார்த்தேன். பின்கதவு. அதுலதானே வயலின் இருந்துச்சு. பூட்டித்தான் இருந்துச்சு. சத்தியமா."

ரேடியோவின் முதல் பட்டாசு நமத்துப்போயிற்று. அவன் விடவில்லை. "சரி, இன்னொண்ணு. ரெண்டு பேர் வருவாங்க. ஒருத்தன் சாவி வெச்சிருக்கிறவர் பக்கத்துல பையோட வந்து உரசிட்டு நிப்பான். பைக்குள்ள இருக்கிற கருவி சாவியோட மூச்சைப் பிடிச்சு, கார்கிட்ட நிக்கிறவனுக்கு அனுப்பும். சாவி பக்கத்துலயே இருக்குன்னு கார் ஏமாந்து திறந்துடும்."

"மாடியில யார் பக்கத்துல உக்காந்தீங்க?" என்று அத்தை கேட்டாள்.

"யார் பக்கத்துலயும் உக்காரல மேடம். அம்மாவோட கைப்பை கையில இருக்கே. நடைபாதைக் கோடியில சுவரோரமா நின்னுட்டே இருந்தேன். யாரும் வரல."

"சாவிக்கு நகல் எடுத்திருந்தா? சர்வீஸுக்கு விட்டிருப்பீங்களே?" என்றான் ரேடியோ.

"வண்டி சர்வீஸ் முடியிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். சாவியைக் கையை விட்டு விட்டதில்லை."

ரேடியோவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. தப்பிக்க ஒரு சந்து கிடைக்காதா என்று இவருக்காக அவன் தேடுகிறான். இவரோ ஒவ்வொரு சந்தாகப் போய் அடைத்துவிட்டு வந்து நிற்கிறார். இத்தனை ஜாக்கிரதையான மனிதருடைய காரை வேறு யார் திறந்திருக்க முடியும் என்று நாளைக்குப் போலீஸ் கேட்கும். கேள்வியிலேயே பதிலும் இருக்கும்.

"அண்ணே, எங்கயாவது கொஞ்சம் அசட்டையா இருந்திருக்கக் கூடாதா நீங்க?"

"அம்மா வண்டி தம்பி," என்றார் டிரைவர். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை என்பது போலச் சொன்னார். "பாருங்க, வேலை போனா போகட்டும். அவங்க என்னைச் சந்தேகமாப் பார்த்த பார்வை மட்டும் மாறினா போதும். வேறெதுவும் வேணாம் எனக்கு."

வாசலில் காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அத்தை பக்கத்தில் போனதும் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இங்கே கார்களிலிருந்து பொருள் காணாமல் போவது புதிதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"யார் யாருக்குப் போச்சு?"

"அதாங்க வேடிக்கை. பிள்ளைக்கு மூச்சிரைப்புன்னு ஒரு டீச்சரம்மா வருவாங்க. அவங்க லேப்டாப் போச்சு. அவங்களா அசட்டை? பூட்டிட்டு, மறுபடி வந்து, நாலு கதவையும் இழுத்து இழுத்துப் பார்த்துட்டுப் போவாங்க. அப்புறம் ஒரு ரிட்டையர்டு ஆபீசர், கண் ஆபரேஷனுக்கு வந்தவர். அவரும் அப்படித்தான், பூட்டினதை நம்பாம படியேறி மறுபடி இறங்கி வருவார். ஆனா மூணாவது மாடிப் பல் டாக்டரைப் பாருங்க. கதவைச் சாத்தினா சரி, பூட்டவேமாட்டார். ஃபோனை சீட்டு மேலயே போட்டுட்டுப் போவார். ஒரு பேனா போனதில்லை."

"ஒழுக்கமானவங்ககிட்ட மட்டும்தான் திருடுவேன்னு விரதம் போல," என்றான் ரேடியோ.

சொல்லிவிட்டுச் சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. அவனையே உற்றுப் பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"பேசினதுலயே உருப்படியா ஒண்ணு பேசியிருக்க. அதை."

அவன் திருப்பிச் சொல்வதற்குள் அவள் காவலாளி பக்கம் திரும்பிவிட்டாள். "அன்னியிலேருந்து இங்க வராம நின்னுபோன ஆள் யாராவது உண்டா?"

காவலாளி யோசித்தார். "கார் துடைக்கிற ஆள் ஒருத்தன். வாளியும் துணியுமா அந்தத் தூணோரம் குந்தியிருப்பான். அவனைத்தான் காணோம். வாளிகூட அங்கயே கிடக்கு."

தூணோரம் நீல வாளி. அதன் விளிம்பில் மடித்துப் போட்ட மஞ்சள் துணி. ரேடியோ வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. அத்தை துணியை விரித்து மோந்து பார்த்தாள். ஓரத்தில் கடைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

"ரேடியோ, இதுல என்ன தெரியுது?"

"துணி புதுசு."

"கார் துடைக்கிறவன் துணிடா. இது ஒரு நாளும் தண்ணியையே பார்த்ததில்லை. வாளியும் அப்படித்தான்." துணியை வாளியின் வாய்மேல் போர்த்திக் காட்டினாள். "இது துடைக்கிற வாளி இல்லை. தூக்கிட்டுப் போற வாளி. லேப்டாப் அடங்கும், கைப்பை அடங்கும். மேல துணி. யார் கேட்கப்போறா?"

"அப்போ வாளியை ஏன் விட்டுட்டுப் போனான்?"

"வயலின் இதுல அடங்குமா?"

 அத்தை காவலாளியைக் கேட்டாள். "அன்னிக்கு வயலின் பெட்டியோட யாராவது வெளிய போனாங்களா?"

காவலாளியின் முகம் மெல்ல வெளுத்தது. "ஒரு பாட்டு வாத்தியார் போனார். தோள்ல பெட்டி. வாத்தியம் இடிச்சிடக் கூடாதுன்னு நானே சின்னக் கேட்டை முழுசாத் திறந்துவிட்டேன். 'நல்லாருங்க'ன்னுகூடச் சொன்னார்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வாளி இல்லாததால எனக்கு முகம் தெரியலைங்க. இத்தனை நாளும் நான் பார்த்தது வாளியைத்தான் போல."

"இனிமே அவன் வரமாட்டான்," என்றாள் அத்தை. "வயலினும் வராது. இந்நேரம் கை மாறி ஊர் தாண்டியிருக்கும்."

தூரத்தில் நின்றிருந்த டிரைவரின் காதில் அது விழுந்தது. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். வேகமாக வந்தார். "அப்போ திருடன் இருக்கான். நான் இல்லை. அம்மாகிட்டச் சொல்லலாமே மேடம்?"

"எப்படித் திறந்தான்னு கேப்பாங்களே ஐயா. வாளியாலயா திறந்தான்?" அத்தை பெருமூச்சு விட்டாள். "அன்னிக்குச் செஞ்சதை அப்படியே செய்யுங்க. ஒண்ணும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ரேடியோ, நீ அந்தத் தூணோரம் போய்க் குந்து."

"நானா?"

"வாளியை வெச்சுக்கோ. பொருத்தமா இருக்கும். ஒண்ணு கவனி. எல்லாரும் ஆளைப் பார்ப்பாங்க. நீ காரைப் பாரு."

ரேடியோ குந்தினான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் இடுப்புவரைதான் தெரிந்தார்கள். நடக்கும் கால்கள், ஆடும் கைகள், வரிசையாகக் கார்களின் கைப்பிடிகள்.

டிரைவர் காரைப் பூட்டினார். 'டக்'. திரும்பி நடந்தார். மாடிப்படியில் கால் வைக்கப் போனவர் நின்றார். அந்த நிற்றலை ரேடியோவுக்கு நன்றாகத் தெரியும். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா என்று எல்லாரும் நிற்கிற அதே நிற்றல். மருத்துவரைப் பார்க்க வருகிற இடத்தில் நெஞ்சில் ஏற்கெனவே ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. அதன் மடியில் இன்னொரு பயம் ஏறி உட்கார எவ்வளவு நேரமாகும்?

டிரைவர் திரும்பி வந்தார். பின்கதவின் கைப்பிடிக்குள் விரல்களை விட்டு வெடுக்கென்று ஒரு இழு இழுத்தார். கதவு அசையவில்லை. அவர் முகத்தில் நிம்மதி. கையை உதறிக்கொண்டு திரும்பி நடந்தார்.

அவர் முதுகு திரும்பிய பிறகு, காரின் ஓர விளக்குகள் ஒரு தரம் கண் சிமிட்டின.

ரேடியோ தன் கண்ணை நம்பவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். காருக்குப் பின்னால் ஒதுங்கிப் போய் அதே கைப்பிடியைத் தொட்டான். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

சத்தம் கேட்டு டிரைவர் திரும்பினார்.

அத்தை காரின் பக்கம் வந்தாள். பிறகு அத்தை மெதுவாக, வைத்தியர் நோயாளிக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள். "கைப்பிடிக்குள்ள கை பட்டதும் இந்தக் கார் தேடிப் பார்க்கும் ஐயா. சாவி பக்கத்துல இருக்கா? உங்க பையில இருக்கு. அப்போ எஜமான் வந்துட்டார், திறக்கணும்னு நினைச்சுக்கும். திறக்க அதுக்கு ஒரு நொடி வேணும். நீங்க வெடுக்குனு இழுத்துட்டு விட்டுடறீங்க. உங்க கை இழுக்கிறப்போ பூட்டியிருக்கு. கையை எடுத்ததும் திறந்துடுது."

"பழைய வண்டியில இப்படி இல்லையே," என்றார் டிரைவர். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பழைய வண்டியில நீங்க செஞ்சது சரி. சாவியைத் திருகிப் பூட்டுற வண்டி அது. இது வேற."

"வந்து பார்த்தப்போ பூட்டித்தானே..."

"உங்க பையில சாவி இருக்கிற வரைக்கும் பூட்டியிருந்தாலும் திறக்கும், பூட்டாட்டியும் திறக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் கதவைத் திறக்கலைன்னா, கொஞ்ச நேரத்துல அதுவே மறுபடி பூட்டிக்கும். அதனாலதான் இத்தனை நாள் தப்பிச்சீங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவன் தூணோரம் குந்தியிருந்தான். கருவி இல்லை, கம்பி இல்லை. இந்த மாதிரி வண்டியை யார் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறாங்கன்னு மட்டும் பார்த்துட்டிருந்தான். பல் டாக்டர்கிட்ட அவனுக்கு வேலையில்லை. அவர் கார் திறந்து கிடக்குன்னே அவன் நினைச்சிருக்கமாட்டான்."

ரேடியோ தனக்குள் ஒரு நகைச்சுவையைத் தேடினான். எப்போதும் நாக்கு நுனியில் நாலு நிற்கும். இன்று ஒன்றுகூட இல்லை.

டிரைவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான்தான் திறந்துவிட்டேன்."

"திருடினது நீங்க இல்லை ஐயா. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்வேன்."

"சொல்லாதீங்க மேடம்."

"என்ன சொல்றீங்க?"

"எப்படின்னு தெரியலைன்னு சொல்லிடுங்க. திருடன்னு அவங்க நினைச்சா, அது பொய்யி. பொய்யை எப்படியாவது சுமந்துடுவேன். எனக்குத் தெரியும்ல, நான் எடுக்கலைன்னு. இது நிஜமால்ல இருக்கு. இதை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"போலீஸுக்குப் போவாங்கண்ணே," என்றான் ரேடியோ. "அங்க உங்களை மடியில வெச்சுத் தாலாட்ட மாட்டாங்க."

 அத்தையின் கையில் ஃபோன் அடித்தது. வயலின்காரம்மாதான். சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது.

அத்தை அதைக் கொஞ்சம் அடிக்க விட்டாள். டிரைவர் கைகூப்பினார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒலிபெருக்கியை அழுத்தினாள். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றிப் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை.

"அம்மா, உங்க டிரைவர் எடுக்கலை. வேற ஆள். ஆள் போயிட்டான், வயலின் கிடைக்காது. எதையும் உடைக்காம எப்படித் திறந்தான்னு இப்பதான் கண்ணால பார்த்தோம்." உள்ளதை உள்ளபடி சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பிள்ளை தப்பும் தவறுமாக வயலின் பழகும் ஓசை மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"அவர் நல்லவர்னு எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மாள். டிரைவர் ஃபோன் பக்கம் ஓர் அடி வைத்தார். "ஒண்ணு கேக்கிறேன். பூட்டு திறக்கிறப்போ இந்தக் காருக்குச் சத்தம் வருமா?"

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். "வரும்மா. நிறுத்தி வைக்கலைன்னா வரும்."

"வந்திருந்தா அவர் திரும்பிப் பார்த்திருப்பார்."

"பார்த்திருப்பார்."

  ரேடியோ டிரைவரைப் பார்த்தான். அவர் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தார். 'வாங்க, வீட்டுச் சாவியை எடுத்துக்கோங்க' என்ற ஒரே வார்த்தை. அது வந்தால் போதும், வயலின் போனதைக்கூட இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுதுவிடுவார்கள்.

"அவரை இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றது ஃபோன். "கோபத்துல சொல்லலை. அவர்மேல தப்பில்லைன்னு அவர்கிட்டயே சொல்லுங்க. ஆனா என் காது அந்தக் கீச்சைப் பொறுத்திருந்தா... அவர் முகத்தைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு அதுதான் கேக்கும். கார் சாவியைக் காவலாளிகிட்டக் கொடுத்துட்டுப் போகட்டும். என்னால அவரைப் பார்க்க முடியாது."

இணைப்பு அறுந்தது.

டிரைவர் தலையாட்டினார். யாருக்காக ஆட்டினார் என்று தெரியவில்லை. பின்சீட்டில் கிடந்த தன் குடையை எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். கைப்பிடியின் சின்னப் பட்டனை அழுத்தினார். 'டக்'. வாசலை நோக்கி நடந்தார்.

"அண்ணே," என்று ரேடியோ ஆரம்பித்தான். மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் வாழ்க்கையில் இப்படி ஆனதில்லை.

பாதி வழியில் அவர் நின்றார். அதே நிற்றல். திரும்பி வந்தார். பின்கதவின் கைப்பிடி பக்கம் கை நீண்டது. தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் காரின் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். கார் பூட்டித்தான் இருந்தது. அதை அவரால் நம்பவும் முடியவில்லை, இழுத்துப் பார்க்கவும் முடியவில்லை.